தன்பாலினத் திருமணமும் தலைவர்களின் தயக்கமும்: புனேவாழ் தமிழ் வாக்காளர்களுக்கு ஒரு திறந்த மடல்



2022 ஏப்ரல் 1, வெள்ளிக்கிழமை. பாராமதி தொகுதியின் மக்களவை உறுப்பினர் சுப்ரியா சுலே, 1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டத்தைத் திருத்தக் கோரும் தனிநபர் மசோதா ஒன்றை அன்று அவையில் அறிமுகம் செய்தார். ஒரே பாலினத்தைச் சேர்ந்த இருவர் செய்துகொள்ளும் திருமணத்தையும் அந்தச் சட்டத்தின் கீழ் பதிவு செய்ய இடம் வேண்டும் என்பதே மசோதாவின் சாரம். ஹிஞ்சவாடியில் வேலை கிடைத்து வந்து, அங்கேயே வீடு வாங்கி, வாக்காளர் பட்டியலிலும் பெயர் சேர்த்துக்கொண்டவர்கள் உங்களில் உண்டு. கடக்வாஸ்லா பக்கம் குடியிருப்பவர்களும் உண்டு. அந்தப் பகுதிகள் பாராமதி மக்களவைத் தொகுதிக்குள் வருபவை. ஆகவே அந்த மசோதா உங்கள் பிரதிநிதியின் பெயரில் வந்தது. ஹிஞ்சவாடிப் போக்குவரத்து நெரிசலைப் பற்றி அவருக்கு மனு எழுதியவர்கள், இந்த மசோதாவைப் பற்றி ஆதரவாகவோ எதிராகவோ ஒரு வரி எழுதியிருப்பார்களா என்பது ஐயமே. அந்த ஒரு வரி இல்லாமற்போனதன் விளைவைப் பற்றியதே இந்த மடல்.

மசோதா கேட்டது என்ன என்பதை முதலில் பார்த்துவிடலாம். சாதி கடந்தோ மதம் கடந்தோ மணம் செய்துகொண்டவர்களுக்குச் சிறப்புத் திருமணச் சட்டத்தின் நடைமுறை நன்றாகத் தெரியும். இருவரில் ஒருவராவது அந்த மாவட்டத்தில் 30 நாள் குடியிருந்திருக்க வேண்டும். நோட்டீஸ் படிவத்தை நிரப்பிக் கொடுக்க வேண்டும். அதன் நகல் பதிவு அலுவலகத்தில் எல்லோரும் பார்க்கும்படி ஒட்டப்படும். ஆட்சேபம் வருகிறதா என்று மேலும் 30 நாள் காத்திருக்க வேண்டும். அதன் பிறகே மூன்று சாட்சிகள், கையெழுத்து, சான்றிதழ். அந்தப் படிவத்தில் ஒரு வரிசை ஆணுக்கு, மறு வரிசை பெண்ணுக்கு. சட்டத்தின் 4ஆம் பிரிவும் ஆணுக்கு 21 வயது, பெண்ணுக்கு 18 வயது என்றே பேசுகிறது. இரண்டு பெண்களோ இரண்டு ஆண்களோ அந்த மேசைக்கு முன்னால் வந்து நின்றால், பேனா படிவத்தின் தொடக்கத்திலேயே நின்றுவிடும். சுலேயின் மசோதா இருவரும் ஆண்கள் என்றால் இருவருக்கும் 21, இருவரும் பெண்கள் என்றால் இருவருக்கும் 18 என்று வயதை வைத்தது. கணவன், மனைவி என்று வரும் இடங்களில் வாழ்க்கைத் துணை என்ற பொதுச்சொல்லைக் கொண்டுவந்தது. கோயில், தேவாலயம், பள்ளிவாசல் எதன் சடங்கையும் அது தொடவில்லை. மதச் சார்பில்லாத ஒரு பதிவுச் சட்டத்தில் இடம் கேட்டது, அவ்வளவே.

அந்த மசோதா விவாதம் கண்டு நிறைவேறும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. விடுதலைக்குப் பிறகு சட்டமான தனிநபர் மசோதாக்கள் மொத்தம் 14. கடைசியாக ஒன்று சட்டமானது 1970இல். மக்களவை கலைந்தால் அதில் நிலுவையிலுள்ள மசோதாக்களும் காலாவதியாகும். 2024 ஜூனில் 17ஆவது மக்களவை கலைந்தபோது இந்த மசோதாவும் அப்படியே போனது. நிறைவேறாது என்று தெரிந்தே ஒரு தலைவர் மசோதா கொண்டுவருகிறார் என்றால், தன் நிலைப்பாட்டை அவைக்குறிப்பில் ஏற்றுகிறார் என்று பொருள். பின்வாங்க முடியாதபடி தன் பெயரை அவர் அங்கே எழுதிவைக்கிறார். அரசியலில் ஆபத்து என்று சொல்லப்படுவது இங்கிருந்துதான் தொடங்குகிறது.

அந்த ஆபத்து எங்கிருந்து வருகிறது என்று நீங்கள் பிரித்துப் பார்க்க வேண்டும். பொதுவாக, வாக்காளர் கோபித்துக்கொள்வார் என்பதே காரணமாகச் சொல்லப்படுகிறது. ஆனால் வாக்காளரிடம் வந்து சேர்வதற்கு முன்னால் ஒரு தலைவர் தாண்ட வேண்டிய படிகள் பல.

முதற்படி அவை. 2015 டிசம்பர் 18 அன்று திருவனந்தபுரம் உறுப்பினர் சசி தரூர், இந்திய தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவைத் திருத்தும் தனிநபர் மசோதாவை அறிமுகம் செய்ய அனுமதி கேட்டார். திருமணத்தைப் பற்றிய பேச்சே அதில் இல்லை. வயது வந்த இருவர் மனமொப்பி வாழ்வது குற்றமாகக் கூடாது என்பதே கோரிக்கை. தனிநபர் மசோதாவின் அறிமுகம் வழக்கமாக ஒரு சடங்கு. எதிர்ப்பவர்கள்கூட அந்தக் கட்டத்தில் வாயைத் திறக்க மாட்டார்கள். அன்று வாக்கெடுப்பு கேட்கப்பட்டது. ஆதரவாக 24, எதிராக 71. மசோதா வாசலிலேயே விழுந்தது. 543 பேர் தேர்ந்தெடுக்கப்படும் அவையில் ஆதரவுக் கை தூக்கியவர்கள் 24 பேர். மற்றவர்களில் மிகப் பெரும்பாலோர் அந்த நேரத்தில் அவையிலேயே இல்லை. இந்தப் பொருளில் இராதிருப்பதே அரசியல்வாதிக்குப் பாதுகாப்பான இடம். இரண்டே முக்கால் ஆண்டு கழித்து, 2018 செப்டம்பர் 6 அன்று, நாடாளுமன்றம் தொட மறுத்ததை உச்ச நீதிமன்றம் செய்து முடித்தது.

அதே 2015இல் வேறொன்றும் நடந்தது. ஏப்ரல் 24 அன்று திமுகவின் திருச்சி சிவா கொண்டுவந்த திருநர் உரிமை மசோதா மாநிலங்களவையில் நிறைவேறியது. 45 ஆண்டுகளில் ஓர் அவையைத் தாண்டிய முதல் தனிநபர் மசோதா என்று அது பேசப்பட்டது. ஒரே ஆண்டில், ஒரே நாடாளுமன்றத்தில், நெருங்கிய இரண்டு பொருள்களுக்கு இரண்டு வகை வரவேற்பு. நலத்திட்டம், இட ஒதுக்கீடு, இரக்கம் என்றால் எல்லாக் கட்சியும் கை தூக்கும். தமிழ்நாடு 2008இலேயே திருநங்கையர் நல வாரியம் அமைத்தபோதும் பெரிய எதிர்ப்பு எழவில்லை. பேச்சு உடல் விருப்பத்துக்கும் திருமணத்துக்கும் வரும்போது கைகள் இறங்கிவிடுகின்றன. ஏனென்று உங்களுக்குத் தெரியும். திருமணம் என்பது இந்நாட்டில் சாதியின் வாசற்கதவு. சொத்து யாருக்கு, கொள்ளி யார் வைப்பது, வம்சம் யார் வழியாக என்ற கேள்விகளெல்லாம் அந்தக் கதவில்தான் தொங்குகின்றன. உடுமலைப்பேட்டையில் 2016இல் சாதி கடந்து மணந்த சங்கர் பட்டப்பகலில் வெட்டிக் கொல்லப்பட்டபோது, சாதியின் பெயரைச் சொல்லிக் கண்டிக்கத் தயங்கிய வாய்களும், இந்த மசோதாவைப் பற்றிப் பேசத் தயங்கும் வாய்களும் பெரும்பாலும் ஒன்றே.

இரண்டாம் படி கட்சி. சட்டத் திருத்தம் கோரும் உறுப்பினருக்குக் கட்சித் தலைமையின் மௌனமான இசைவாவது வேண்டும். தேசியவாத காங்கிரஸ் கட்சி 2020 அக்டோபரில் பால்புதுமையினருக்கென மகாராஷ்டிரத்தில் ஒரு பிரிவைத் தொடங்கியிருந்தது. அந்தப் பாதுகாப்பு சுலேக்கு இருந்தது. கட்சி நிறுவனரின் மகள், மூன்று முறை வென்றவர் என்ற காப்பும் இருந்தது. முதன்முறையாக, சில ஆயிரம் வாக்கு வித்தியாசத்தில் வென்ற ஓர் உறுப்பினருக்கு இவை எதுவும் இல்லை. அடுத்த தேர்தலில் டிக்கெட் யார் கையில் இருக்கிறதோ அவரைப் பகைத்துக்கொள்ளும் துணிவு எளிதாக வராது. தலைவர்களின் கோழைத்தனத்தைப் பழிக்கும்போது இந்த வேறுபாட்டை நீங்கள் மறந்துவிடக் கூடாது.

மூன்றாம் படி ஆட்சி. எதிர்க்கட்சி வரிசையில் சொல்லக்கூடியதை அமைச்சரவையில் சொல்ல முடிவதில்லை. 2023 ஏப்ரல் 18 அன்று உச்ச நீதிமன்றத்தில் தன்பாலினத் திருமண உரிமை வழக்கின் விசாரணை தொடங்கியது. அதே நாளில் ஒன்றிய அரசு எல்லா மாநிலங்களுக்கும் கடிதம் எழுதிக் கருத்துக் கேட்டது. மே 10க்குள் ஏழு மாநிலங்கள் பதில் அனுப்பியிருப்பதாக நீதிமன்றத்தில் தெரிவிக்கப்பட்டது. ஆந்திரம், அசாம், ராஜஸ்தான் ஆகிய மூன்றும் எதிர்த்தன. மணிப்பூர், சிக்கிம், உத்தரப் பிரதேசம், மகாராஷ்டிரம் ஆகிய நான்கும் இன்னும் அவகாசம் வேண்டும் என்றன. அந்த ஏழில் தமிழ்நாட்டின் பெயரே இல்லை. நீங்கள் வாழும் மாநிலம் அவகாசம் கேட்டது. நீங்கள் பிறந்த மாநிலத்திலிருந்து அந்த நாள்வரை பதில் வரவில்லை. ஒருபுறம் சமூக சீர்திருத்தத்தின் தாய்மண் என்ற பெருமை, மறுபுறம் பெரியார் மண் என்ற பெருமை. கேள்வித்தாள் கைக்கு வந்த நாளில் இரண்டு பெருமையும் பேனாவைத் திறக்கவில்லை.

அந்த ஏழில் ராஜஸ்தானின் பதிலைக் கூர்ந்து பார்க்க வேண்டும். அன்று அங்கே காங்கிரஸ் ஆட்சி. ஆண்டின் இறுதியில் தேர்தல். சமூகக் கட்டமைப்பு குலையும் என்ற காரணம் காட்டி அந்த அரசு எதிர்த்தது. ஓராண்டுகூட ஆகாத நிலையில், 2024 ஏப்ரலில், அதே கட்சியின் மக்களவைத் தேர்தல் அறிக்கை, பரவலான கலந்தாய்வுக்குப் பிறகு பால்புதுமை இணையருக்கான சிவில் யூனியன் முறையை ஏற்கும் சட்டம் கொண்டுவரப்படும் என்றது. மார்க்சிஸ்ட் கட்சியின் அறிக்கை இன்னும் தெளிவாகத் திருமணத்துக்கு ஒப்பான சட்ட ஏற்பைக் கேட்டது. ஆட்சியில் இருக்கும்போது ஆபத்தாகத் தெரிந்தது, ஆட்சிக்கு வெளியே இருக்கும்போது வாக்குறுதியாகத் தெரிகிறது. நடுவில் மாறியது மக்களின் மனம் என்று காட்ட எந்த ஆதாரமும் இல்லை.

நான்காம் படி, மக்களின் பெயரால் பேசும் அமைப்புகள். 2022 டிசம்பரில் பாஜகவின் சுஷில் மோடி, இதை இரண்டு நீதிபதிகள் உட்கார்ந்து முடிவு செய்ய முடியாது என்று மாநிலங்களவையில் எதிர்ப்புத் தெரிவித்தார். 2023 மார்ச்சில் ஆர்எஸ்எஸ் பொதுச்செயலாளர் தத்தாத்ரேய ஹொசபாலே, திருமணம் எதிர்ப்பாலினத்தவர் இருவருக்கு இடையில்தான் என்றார். ஏப்ரலில் ஒன்றிய அரசு, மனுதாரர்களின் கோரிக்கையை நகர்ப்புற மேட்டுக்குடியின் பார்வை என்று நீதிமன்றத்தில் வர்ணித்தது. அதே மாதம் இந்திய வழக்குரைஞர் மன்றம் ஒரு தீர்மானம் போட்டது. நாட்டு மக்களில் 99.9 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் தன்பாலினத் திருமணத்துக்கு எதிரானவர்கள் என்று அதில் எழுதியது. ஆனால் அதே 2023இல் பியூ ஆய்வு மையம் இந்தியாவில் எடுத்த கருத்துக் கணிப்பில் 53 சதவீதம் பேர் ஆதரித்தார்கள், 43 சதவீதம் பேர் எதிர்த்தார்கள். கணிப்புகள் வேதவாக்கல்ல, கேள்வியை மாற்றினால் எண்ணும் மாறும். ஆனாலும் 99.9க்கும் 43க்கும் நடுவில் இருக்கும் பள்ளத்தைக் கவனியுங்கள். வாய் திறக்காத மக்களின் பெயரால் யார் வேண்டுமானாலும் எந்த எண்ணையும் சொல்லலாம் என்பதற்கு அந்தத் தீர்மானம் சாட்சி. வாய் திறக்காத அந்த மக்களில் நீங்களும் அடக்கம்.

இனிக் கடைசிப் படி, வாக்குப் பெட்டி. தலைவர்கள் அஞ்சுவதாகச் சொல்வது இதற்குத்தான். சான்றுகள் சொல்வதோ வேறு. 2019இல் பாராமதியில் சுலேயின் வாக்கு வித்தியாசம் 1,55,774. மசோதா கொண்டுவந்து ஈராண்டு கழித்து, கட்சி இரண்டாக உடைந்து, சின்னமும் கைமாறி, அண்ணியும் நாத்தனாரும் எதிரெதிரே நின்ற 2024 தேர்தலில் அவருடைய வித்தியாசம் 1,58,333. தரூர் 2014இல் 15,470 வாக்கில் வென்றவர். அறிமுகத்திலேயே மசோதா தோற்ற பிறகு வந்த 2019 தேர்தலில் 99,989 வாக்கில் வென்றார். இந்த எண்களை வைத்து மக்கள் மசோதாவுக்கு வாக்களித்தார்கள் என்று வாதிடுவது பிழை. பாராமதியில் பேசப்பட்டது குடும்பப் பிளவு; திருவனந்தபுரத்தில் பேசப்பட்டவை வேறு பல. இந்த எண்கள் காட்டுவது அதைவிடச் சிறிய, ஆனால் உறுதியான ஒன்றை. மசோதா கொண்டுவந்ததற்காக இவர்களை வாக்காளர் தண்டிக்கவில்லை.

வெளிநாட்டு அனுபவம் கலவையானது. அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் 2009இல் தன்பாலினத் திருமணத்தை அனுமதித்துத் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்ற நீதிபதிகளில் மூவர், அடுத்த ஆண்டு நடந்த வாக்கெடுப்பில் பதவி இழந்தார்கள். அங்கே தண்டனை மெய்யாகவே விழுந்தது. ஒபாமா 2012 மே மாதம் வெளிப்படையாக ஆதரவு தெரிவித்து, அதே ஆண்டு நவம்பரில் மீண்டும் வென்றார். பிரிட்டனில் டேவிட் கேமரன் 2013இல் சட்டம் கொண்டுவந்தபோது அவருடைய கட்சி உறுப்பினர்களில் ஆதரித்தவர்களைவிட எதிர்த்தவர்களே அதிகம். இரண்டாண்டு கழித்து அவர் தனிப்பெரும்பான்மை பெற்றார். ஆசியாவில் பொருத்தமான பாடம் தைவான். 2018 நவம்பரில் நடந்த பொது வாக்கெடுப்பில் தன்பாலினத் திருமணத்துக்கு எதிரான தரப்பு பெருவெற்றி பெற்றது. உள்ளாட்சித் தேர்தலிலும் ஆளுங்கட்சி தோற்று, அதிபர் சாய் இங்-வென் கட்சித் தலைமையை விட்டு விலகினார். அவருடைய அரசியல் முடிந்தது என்றே பலரும் எழுதினார்கள். 2019 மே 17 அன்று சட்டம் நிறைவேறியது. 2020 ஜனவரியில் அவர் 81 லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்குகளுடன் மீண்டும் அதிபரானார். ஹாங்காங் நிகழ்வுகள் அந்தத் தேர்தலைப் பெரிதும் திருப்பின என்பது உண்மை. திருமணச் சட்டத்தின் மீதான கோபம் அவரை வீழ்த்தும் அளவுக்கு நீடிக்கவில்லை என்பதும் உண்மை.

நீங்கள் குடியேறியிருக்கும் நகரம் இந்தக் கணக்கைப் பலமுறை போட்டுப் பார்த்த நகரம். கோபால் கணேஷ் அகர்கர் சமூக சீர்திருத்தம் பேசியதற்காக, அவர் உயிரோடிருக்கும்போதே அவருக்குப் பாடை கட்டி ஊர்வலம் விட்ட தெருக்கள் இங்கேதான் உள்ளன. விதவை மறுமணத்துக்குக் குரல் கொடுத்த மகாதேவ் கோவிந்த ரானடே, 1873இல் மனைவியை இழந்தபோது, தந்தையின் வற்புறுத்தலுக்கு இணங்கிப் பதினோரு வயதுச் சிறுமியை மணந்தார். ஊர் அவரைக் கேலி செய்தது. மேடையில் ஒன்றும் வீட்டில் ஒன்றுமாக நிற்க நேரும் தலைவரின் துன்பத்துக்கு அவர் பழைய உதாரணம். அதே 1873 செப்டம்பரில் இதே புனேயில் ஜோதிராவ் புலே சத்தியசோதக் சமாஜத்தைத் தொடங்கினார். அந்த டிசம்பர் 25 அன்று புரோகிதர் இல்லாத முதல் சத்தியசோதக் திருமணம் நடந்தது. பிறகு ஜுன்னர் வட்டம் ஓதூரில் புரோகிதரை அழைக்காமல் மணம் முடித்தவர்கள் மீது புரோகிதர்கள் தட்சிணை கேட்டு வழக்குப் போட, அது மும்பை உயர் நீதிமன்றம் வரை சென்று புரோகிதர்களுக்கு எதிராக முடிந்தது. சட்டசபையில் யாரும் துணிவதற்கு முன்னால், எளிய குடும்பங்கள் தங்கள் முற்றத்தில் துணிந்தன.

இந்த வரிசை உங்களுக்குப் புதிதல்ல. அருப்புக்கோட்டை அருகே சுக்கிலநத்தத்தில் 1928இல் பெரியார் தலைமையில் முதல் சுயமரியாதைத் திருமணம் நடந்தது. அந்தத் திருமணங்களுக்குச் சட்டத்தில் இடமில்லை. 1953இல் சென்னை உயர் நீதிமன்றம் அப்படியொரு திருமணம் செல்லாது என்றே தீர்ப்பளித்தது. செல்லாது என்று தெரிந்தும் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் அப்படியே மணம் செய்தன. மாலை மாற்றி, உறுதிமொழி சொல்லி, பந்தி போட்டு ஊருக்குச் சோறிட்டன. 1967இல் ஆட்சிக்கு வந்த அண்ணா அந்த ஆண்டே இந்து திருமணச் சட்டத்தில் 7ஏ பிரிவைச் சேர்த்துச் சுயமரியாதைத் திருமணத்தைச் செல்லுபடியாக்கினார். அதற்கடுத்த 1971 தேர்தலில் திமுக 184 இடங்களைப் பிடித்தது. அண்ணாவின் துணிவைக் குறைத்து மதிப்பிட இதைச் சொல்லவில்லை. நாற்பது ஆண்டுகளாக மக்கள் சிறுகச் சிறுகத் தின்று தீர்த்த ஆபத்தின் மிச்சத்தைத்தான் அவர் ஏற்க வேண்டியிருந்தது. உங்களில் பலருடைய தாத்தா பாட்டியின் திருமணப் புகைப்படத்தில் ஓமகுண்டம் இல்லை, ஐயர் இல்லை, மேசையில் ஒரு ஒலிபெருக்கி இருக்கிறது. அந்தப் படத்தில் இருப்பவர்கள் பல்லாண்டுகள் சட்டத்தின் கண்ணில் மணமாகாதவர்கள். அதை நினைவில் வைத்துக்கொண்டு இன்றைய தன்பாலின இணையரைப் பாருங்கள்.

மற்றொரு சோதனையும் நடந்திருக்கிறது. இந்து சட்டத் தொகுப்பு மசோதா முடங்கியதில் மனம் வெறுத்து 1951 செப்டம்பரில் அம்பேத்கர் அமைச்சரவையிலிருந்து விலகினார். அதை அடுத்து வந்த முதல் பொதுத்தேர்தலில் அலகாபாத் பகுதியில் நேருவை எதிர்த்து பிரபு தத்த பிரம்மச்சாரி நின்றார். அவருடைய முதன்மையான பிரச்சாரமே இந்து சட்டத் தொகுப்புக்கு எதிரானது. அவர் பெருந்தோல்வி அடைந்தார். 1955 முதல் அந்தத் தொகுப்பு பகுதி பகுதியாகச் சட்டமானது. பெண்ணுக்கு மணவிலக்கு உரிமை கொடுத்தால் குடும்பம் சிதறும் என்று அன்று சொன்ன வாதங்களும், இன்று சொல்லப்படும் வாதங்களும் ஏறக்குறைய ஒரே சொற்களால் ஆனவை.

இனி உங்கள் ஐயங்கள். இதை நீதிமன்றம் பார்த்துக்கொள்ளட்டுமே என்பது முதல் ஐயம். நீதிமன்றம் பார்த்துவிட்டது. 2023 அக்டோபர் 17 அன்று ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு, திருமணம் செய்யும் உரிமை அடிப்படை உரிமையல்ல என்பதில் ஒருமித்தது. திருமணத்துக்கு வெளியே இணைவாழ்வுக்குச் சட்ட ஏற்பு உண்டா என்பதில் மூன்றுக்கு இரண்டு என்று பிரிந்தது. உண்டு என்ற சிறுபான்மையில் அன்றைய தலைமை நீதிபதி சந்திரசூட்டும் நீதிபதி கவுலும் இருந்தார்கள். சட்டம் செய்வது நாடாளுமன்றத்தின் வேலை என்று பொறுப்பு திருப்பி அனுப்பப்பட்டது. 2025 ஜனவரி 9 அன்று மறுசீராய்வு மனுக்களும் தள்ளுபடியாயின. இனி இது நீங்கள் வாக்களித்து அனுப்பும் உறுப்பினர்களின் மேசையில் இருக்கிறது.

தண்ணீரும் வேலையும் இருக்க இதற்கு என்ன அவசரம் என்பது இரண்டாம் ஐயம். திருமணம் கிடைக்காதவருக்கு எது கிடைக்காமல் போகிறது என்று பட்டியல் போட்டால் அவசரம் விளங்கும். துணையின் அறுவை சிகிச்சைக்கு உறவினர் என்று கையெழுத்திடும் உரிமை, உயில் எழுதாமல் இறந்த துணையின் வீட்டில் தொடர்ந்து வாழும் உரிமை, குடும்ப ஓய்வூதியம், நிறுவனக் காப்பீட்டில் துணையின் பெயர், இறந்தவரின் உடலைப் பெறும் உரிமை. தீர்ப்புக்குப் பிறகு 2024இல் ஒன்றிய அரசு அமைச்சரவைச் செயலாளர் தலைமையில் குழு அமைத்தது. கூட்டு வங்கிக் கணக்கு தொடங்கத் தடையில்லை, ரேஷன் அட்டைக்கு இணையரை ஒரே குடும்பமாகக் கொள்ளலாம் என்று விளக்கங்கள் வந்தன. ஒரு குடும்பம் என்று ரேஷன் கடை ஏற்றுக்கொண்டதைத் திருமணப் பதிவு அலுவலகம் ஏற்க மறுக்கிறது. 2025 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றம், திருமணம் மட்டுமே குடும்பம் அமைக்கும் வழியல்ல என்று சொல்லித் தன்பாலின இணையரின் குடும்பத்தை ஏற்றது. அந்த ஏற்பும் வழக்குப் போட்டவர்களுக்கே கைக்கெட்டுகிறது.

எங்கள் மனச்சாட்சி ஒப்பவில்லை என்பது மூன்றாம் ஐயம். அது உங்கள் உரிமை. சிறப்புத் திருமணச் சட்டத்தின் கீழ் நடக்கும் மதமாற்றமில்லாத கலப்பு மணங்களையும் மனதார ஒப்பாதவர்கள் இந்நாட்டில் கோடிக்கணக்கில் இருக்கிறார்கள். அதனால் அந்தச் சட்டம் எழுபது ஆண்டுகளில் எவர் வீட்டுச் சடங்கையும் மாற்றிவிடவில்லை. ஒப்பாதவரும் ஒன்று செய்யலாம்: இதற்காக ஒரு தலைவரைக் கேலிக்குரியவராக்காமல் இருக்கலாம். ஆபத்தின் பெரும்பகுதி எதிர்வாதத்திலிருந்து வருவதில்லை. குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் சுற்றும் கேலிப்படத்திலிருந்தும், கூட்டத்தில் எழும் ஒரு சிரிப்பிலிருந்தும் வருகிறது. எதிர்வாதத்துக்குத் தலைவர் பதில் சொல்ல முடியும்; சிரிப்புக்குப் பதில் சொல்ல முடியாமல்தான் அவர் பேச்சை மாற்றுகிறார்.

புனேவில் 2011 முதல் வானவில் பேரணி நடக்கிறது. அதில் நடப்பவர்களில் தமிழ் பேசும் பிள்ளைகளும் இருக்கக்கூடும் என்பதை நீங்கள் மறுக்க மாட்டீர்கள். ஊரில் சொல்ல முடியாததால் வேலையைச் சாக்கிட்டு இவ்வளவு தூரம் வந்தவர்கள் அவர்களில் இருக்கலாம். அவர்களுக்காக ஒரு தலைவர் பேச வேண்டுமானால், அவர் அஞ்சுகிற வாக்காளர் உண்மையில் அஞ்சத்தக்கவரா என்று அவருக்குத் தெரிய வேண்டும். அதைச் சொல்லக்கூடியவர்கள் நீங்கள் மட்டுமே.

ஆகவே இந்த மடலின் கோரிக்கை மூன்று. முதலாவது, உங்கள் தொகுதி மக்களவை உறுப்பினருக்கு, அவர் தொகுதி பாராமதியாகட்டும், புனேயாகட்டும், மாவலாகட்டும், ஷிரூராகட்டும், எந்தக் கட்சியாகட்டும், இந்த ஆண்டுக்குள் ஒரு கடிதம் எழுதுங்கள். 2022இன் மசோதாவைக் குறிப்பிட்டு, அப்படியொன்று மீண்டும் வந்தால் அவருடைய நிலைப்பாடு என்ன என்று கேளுங்கள். ஆதரித்தால் உங்கள் வாக்கை அதனால் இழக்க மாட்டார் என்று உங்கள் பெயர், வாக்காளர் அடையாள எண்ணுடன் எழுதிக்கொடுங்கள். இரண்டாவது, தமிழ்நாட்டில் வாக்குரிமை வைத்திருக்கும் உங்கள் பெற்றோரும் உடன்பிறந்தாரும் அங்குள்ள உறுப்பினர்களிடம் இதே கேள்வியைக் கேட்கச் சொல்லுங்கள்; 2023இல் கடிதம் வந்தபோது மாநிலத்தின் பதில் என்னவாயிற்று என்பதும் அதில் இருக்கட்டும். மூன்றாவது, அடுத்த தேர்தலில் வாக்குக் கேட்டு உங்கள் குடியிருப்புக்கு வரும் வேட்பாளரிடம், தண்ணீர் லாரி, மெட்ரோ, சாலைக்குழி ஆகிய கேள்விகளோடு இதையும் ஒரு கேள்வியாக, குரலைத் தாழ்த்தாமல், பக்கத்து வீட்டுக்காரருக்கும் கேட்கும்படி கேளுங்கள்.

நூறு கடிதங்கள் ஒரு சட்டத்தைக் கொண்டுவந்துவிடாது. ஆனால் 2015இல் கை தூக்கிய 24 பேரில் ஒருவருக்கோ, அன்று அவையில் இல்லாதிருந்த ஒருவருக்கோ, தன் தொகுதியிலிருந்து வந்த நூறு கடிதங்கள் மேசையில் இருந்தால், தனிநபர் மசோதாக்களுக்கான அடுத்த வெள்ளிக்கிழமைப் பிற்பகலில் அவர் போடும் கணக்கு வேறாக இருக்கும்.